100 மீற்றரில் காது கேளாத பிள்ளைக்கு ‘கோ’ எப்படிக் காட்டுவது?

வெள்ளவத்தை மிஸ் | 03.02.2025, மாலை 7.10

மார்ச் நடுவில் எங்கள் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி. தரம் 8இல் இரண்டு பிள்ளைகளுக்குக் காது கேளாது. ஒருவருக்குக் காதுக் கருவி, மற்றவருக்குக் கொக்ளியர் (உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) பொருத்தியிருக்கிறது. போன முறை பக்கத்துத் தடத்தில் நின்றவர் எழும்பியதைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் ஓடத் தொடங்கினார்கள். கொடியைக் கீழே இறக்கினால் போதும் என்று ஒரு சேர் சொல்கிறார். பின்னால் ஒருவர் நின்று முதுகில் தட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

தடம் எட்டு | 03.02.2025, இரவு 9.40

இரண்டும் பிழை மிஸ், ஆனால் வேறு வேறு விதமான பிழை.

தட்டுவதை எடுங்கள். சத்தம் கேட்டுத் தட்டுபவரின் கை அசைய ஏறக்குறைய 0.15 செக்கன் போகும். தொட்டது தெரிந்து பிள்ளையின் கால் அசைய இன்னொரு 0.15. மற்றவர்களுக்கு ஒரு தாமதம், இந்தப் பிள்ளைக்கு இரண்டு. தரம் 8 பிள்ளை செக்கனுக்கு ஏழு மீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள், 0.15 செக்கன் என்றால் முழுதாக ஒரு மீற்றர். இல்ல விளையாட்டில் முதலாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

கொடிக்கு வேறு பிரச்சினை. கை இறங்கத் தொடங்கிய கணமா, கீழே வந்த கணமா ‘கோ’? ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி எடுக்கும். கொடி பிடித்தவரின் தோள் அசைவதைப் பார்த்தே எழும்பப் பழகிவிடுவார்கள். அதைவிட, கொடியைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும். இடுப்பைத் தூக்கிக் காத்திருக்கும் ‘செற்’ நிலையில் கண் நிலத்தில் இருக்க வேண்டும். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும், முதல் அடியே கெட்டுப்போகும்.

பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஓடுவது எல்லாவற்றிலும் மோசம். கழுத்துத் திரும்பினால் தோளும் திரும்பும், ஓட்டம் கோணலாகத் தொடங்கும்.

கால் வேகமாக இருந்தும், தொடங்கியது பிந்தித் தெரிந்ததால் ஒரு பிள்ளை தோற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இது திருத்தக்கூடிய விடயம். கண் ஏற்கனவே எங்கே இருக்கிறதோ அங்கே சைகையைக் கொண்டுபோய் வையுங்கள். கோட்டுக்கு ஒரு மீற்றர் முன்னால், தடத்தின் நடுவில், நிலத்தோடு ஒட்டி ஒரு விளக்குப் பெட்டி. செவிப்புலனற்றோர் மெய்வல்லுநர் போட்டிகளில் வழக்கமான ஒழுங்கு இதுதான்: சிவப்பு எரிந்தால் ‘ஒன் யுவர் மார்க்ஸ்’, மஞ்சள் எரிந்தால் ‘செற்’, பச்சை எரிந்தால் ஓட்டம்.

தடம் எட்டு | 04.02.2025, காலை 6.05

நேற்று எழுதியதில் ஒன்றை மாற்றுகிறேன். தடத்தின் நடுவில் வைக்க வேண்டாம். புளொக்கிலிருந்து (காலை ஊன்றித் தள்ளும் தொடக்கக் கட்டை) எழும்பினால் முதல் அடி கோட்டுக்கு அரை மீற்றர் தாண்டி விழும், இரண்டாவது ஒன்றரை மீற்றரைத் தாண்டும். சின்னப் பிள்ளைகளின் அடி இன்னும் குறுகியது. ஒரு மீற்றரில் பெட்டி இருந்தால் இரண்டாவது அடி அதன் மேலேயே விழலாம். தடத்தின் அகலம் 1.22 மீற்றர். உள்பக்கக் கோட்டை ஒட்டி, 70 சென்ரிமீற்றர் முன்னால், பெட்டியின் வாயைப் பிள்ளையின் முகத்துக்குச் சற்றே திருப்பி வையுங்கள். உயரம் ஆறு சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். புளொக் இல்லாமல் நின்று ஓடும் சின்ன வகுப்புகளுக்கு மூன்று நான்கு மீற்றர் தள்ளி வைக்கலாம், அவர்கள் கண் தூரத்தில் இருக்கும்.

பெட்டியை அந்த இரண்டு பிள்ளைகளின் தடத்தில் மட்டும் வைக்காதீர்கள். எல்லாத் தடத்திலும் வையுங்கள்.

பஞ்சிகாவத்தை கம்பி | 05.02.2025, இரவு 10.20

எட்டுத் தடத்துக்கும் நாமே செய்யலாம் மிஸ்.

பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் பஸ், லொறிப் பக்கங்களில் பூட்டும் சின்ன எல்இடி விளக்கு எல்லா நிறத்திலும் கிடைக்கும். தடத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு பச்சை, ஆக 24. வாங்கும்போது பின்னால் எழுதியிருக்கும் வோல்ற்றைப் பாருங்கள். லொறி விளக்கில் பல 24 வோல்ற். 12இல் கொடுத்தால் மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. 12–24 என்று இரண்டும் போட்டது நல்லது.

இழைக் குமிழ் மட்டும் வேண்டாம். கடையில் மலிவாகத் தருவார்கள், வாங்காதீர்கள். இழை சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 செக்கன் எடுக்கும். எல்இடி உடனே எரியும். தட்டுவதில் போகும் ஒரு மீற்றரைத் தவிர்க்கப் போய் குமிழில் அதைவிடக் கூட இழப்பீர்கள்.

நாலு கம்பி உள்ள வயர்: ஒன்று பொது மைனஸ், மற்ற மூன்றும் நிறத்துக்கு ஒன்று. தடம் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே வயர் ஓடும், ஒவ்வொரு பெட்டியும் அதில் சமாந்தரமாகத் தொடுக்கும். தொடரில் போட்டால் ஒன்று செத்தால் எல்லாம் செத்துவிடும். விளக்கு ஒன்று மூன்று வற் என்றால் கால் அம்பியர், எட்டுக்கு இரண்டு அம்பியர். வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் எடுங்கள். மெல்லிய வயரில் எட்டாம் தடத்துக்குப் போகும்போது வோல்ற் விழுந்து வெளிச்சம் குறையும். பற்றரி பக்கத்தில் 5 அம்பியர் பியூஸ் கட்டாயம்.

மூன்று அழுத்து ஆளி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். பச்சை ஆளியின் கம்பியிலேயே சைரனையும் தொடுத்து விடுங்கள். ஒரே அழுத்தில் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வரும். துப்பாக்கியை ஒரு கையிலும் ஆளியை மறு கையிலும் வைத்து ஒன்றாக அழுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கையும் ஒருநாளும் ஒன்றாக வராது.

பஞ்சிகாவத்தை கம்பி | 06.02.2025, காலை 8.15

சைரன் என்று எழுதினேன், வகை சொல்லவில்லை. முச்சக்கர வண்டி ஹோர்னைத் தொடுக்க வேண்டாம். அது மூன்று நாலு அம்பியர் இழுக்கும். அழுத்திய கணத்தில் வோல்ற் இறங்கிப் பச்சை மங்கும், அதுவும் நமக்கு வேண்டிய அந்த ஒரே கணத்தில். வீட்டுத் திருட்டு எச்சரிக்கைக் கருவியில் வரும் பீசோ சைரன் போதும், அரை அம்பியரும் எடுக்காது.

வெள்ளவத்தை மிஸ் | 10.02.2025, மாலை 6.30

நேற்று ஞாயிறு நாடு முழுக்கக் கரண்ட் போனது. இன்றும் வெட்டு. மைதானத்துக்கு மின்சாரம் இழுக்கலாம் என்று அதிபரிடம் கேட்டிருந்தேன். இனி என்ன செய்வது?

பஞ்சிகாவத்தை கம்பி | 10.02.2025, மாலை 7.00

கரண்ட் இருந்தாலும் இழுக்கக் கூடாது மிஸ். ஈரப் புல்லில் 230 வோல்ற் வயரைப் போட்டு அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் குனிய வைப்பதா? 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று, யூபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, அது போதும். ஒரு ஓட்டத்துக்கு விளக்கு எரிவது அரை நிமிடம்கூட இல்லை, காலை முதல் மாலை வரை தாங்கும். முதல் நாள் இரவே முழுதாக ஏற்றி வையுங்கள். பழைய யூபிஎஸ்ஸில் கழற்றிய பற்றரி வேண்டாம். வோல்ற் மீற்றரில் 12 காட்டும், சுமை கொடுத்ததும் விழுந்துவிடும்.

தடம் எட்டு | 11.02.2025, இரவு 9.00

வெயிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் அதில்தான். கொழும்பில் மாசி மாதம் பத்து மணிக்குப் பிறகு மூன்று வற் விளக்கு எரிகிறதா என்று கையால் மறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நாலு அங்குல பிவிசி குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பிளந்து கூடாரம் மாதிரிக் கவிழ்த்து, உள்ளே மினுக்கமில்லாத கறுப்புப் பூசி விளக்கை உள்ளே தள்ளி வையுங்கள். வெள்ளைக் குழாயை அப்படியே வைத்தால் வெயில் உள்ளே தெறித்து மூன்று விளக்கும் எரிகிற மாதிரி இருக்கும்.

திசையையும் பாருங்கள். விளக்கின் வாய், ஓடும் திசைக்கு எதிராக இருக்கும். பின்நேரம் கிழக்கு நோக்கி ஓடினால் மேற்கு வெயில் நேரே பெட்டிக்குள் போகும். முடிந்தால் 100 மீற்றரைக் காலையில் வையுங்கள், அல்லது தொடக்கத்தையும் முடிவையும் மாற்றுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பு பச்சை பிரித்தறியாத ஆண் பிள்ளைகள் எந்தப் பாடசாலையிலும் இருப்பார்கள். எல்லாப் பெட்டியிலும் சிவப்பு இடது, மஞ்சள் நடு, பச்சை வலது. இடத்தைப் பார்த்தும் தெரிய வேண்டும்.

மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடைவெளி ஒரே அளவாகப் போகக் கூடாது. ஒன்றரை செக்கன், இரண்டு, ஒன்றே முக்கால் என்று மாற்றுங்கள். ஒரே தாளத்தில் போனால் மூன்றாவது ஓட்டத்தில் எல்லோரும் எண்ணி எழும்புவார்கள்.

ஒரு வாசகர் | 12.02.2025, காலை 11.45

காதால் கேட்பவரைவிடக் கண்ணால் பார்ப்பவர் மெதுவாகத்தானே எழும்புவார்? அப்படியென்றால் விளக்கு வைத்தும் நியாயம் இல்லையே.

தடம் எட்டு | 12.02.2025, இரவு 8.30

சரியான கேள்வி. சத்தத்துக்கு உடல் அசைவது ஒளிக்கு அசைவதைவிடச் சுமார் 0.03 முதல் 0.05 செக்கன் வேகம். விளக்கால் இதை அழிக்க முடியாது, குறைக்கலாம். வெளிச்சம் கூடக் கூடக் கண் வேகமாக எழுப்பும், அதனால்தான் கூடாரமும் கறுப்புப் பூச்சும். விரும்பினால் சைரனைக் கழற்றிவிட்டு எல்லோரையும் விளக்கிலேயே ஓட விடலாம், அப்போது எட்டுப் பேருக்கும் ஒரே சைகை. நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

சத்தமும் எல்லோருக்கும் ஒன்றில்லை என்பதையும் நினையுங்கள். தொடக்குபவர் முதலாம் தடத்துக்குப் பக்கத்தில் நின்றால் எட்டாம் தடம் எட்டரை மீற்றர் தள்ளி இருக்கிறது, சத்தம் அங்கே போக 0.025 செக்கன் கூட எடுக்கும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு புளொக்குக்குப் பின்னும் ஒலிபெருக்கி வைப்பது இதனால்தான்.

முடிவுக்கோட்டில் நிற்கும் நேரக்கணிப்பாளர்கள் சத்தம் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் 100 மீற்றரில் 0.29 செக்கன் பிந்துவார்கள். அவர்களுக்கும் வெளிச்சம்தான். பச்சைக் கம்பியில் 18 வற் வாகன வேலைவிளக்கு ஒன்றைத் தொடுத்து இரண்டு மீற்றர் தடியில் முடிவுக்கோட்டை நோக்கிக் கட்டுங்கள். ஒன்றரை அம்பியர் கூடும், பஞ்சிகாவத்தை கம்பி சொன்ன 5 அம்பியர் பியூஸுக்குள் நிற்கும்.

தடம் எட்டு | 13.02.2025, காலை 5.50

மறந்துவிட்டேன்: பிழைத் தொடக்கம். ஒருவர் முந்தி எழும்பினால் இரண்டாவது சத்தம் கொடுத்து மற்றவர்களை நிறுத்துவோம். கேளாத பிள்ளை தனியே அறுபது எழுபது மீற்றர் முழு வேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்க்கும். மறுபடி ஓடும்போது அந்தக் காலில் ஒன்றும் இருக்காது. பெட்டி பின்னுக்குப் போய்விட்டதால் விளக்காலும் நிறுத்த முடியாது. 35, 40 மீற்றரில் தடத்துக்கு இரு பக்கமும் சிவப்புக் கொடியோடு இருவர் நிற்கட்டும். பத்து மீற்றரில் நிறுத்திப் பயனில்லை. முதல் இருபது முப்பது மீற்றர் தலை குனிந்துதான் இருக்கும். கொடி நெஞ்சுயரத்தில், குறுக்கே வீசப்பட வேண்டும். அந்தக் கொடியின் பொருளை ஓட்டத்துக்கு முன்னரே எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

800 மீற்றரின் கடைசிச் சுற்று மணிக்கும் அதே கதை. மணி அடிப்பவர் கையில் ஒரு மஞ்சள் கொடி போதும்.

வெள்ளவத்தை மிஸ் | 17.02.2025, மாலை 5.15

4x100 அஞ்சலோட்டத்தில் அந்தக் கருவிக்காரப் பிள்ளையும் இருக்கிறார். கோலைக் கொடுப்பவர் “கை!” என்று கத்துவார். இவர் என்ன செய்வது? நிலத்தில் இரண்டு அடையாளம் ஒட்டலாமா?

தடம் எட்டு | 17.02.2025, இரவு 9.10

இரண்டு ஒட்ட முடியாது. விதிப்படி தன் தடத்தில் ஒரே ஒரு ஒட்டுநாடா, கூடியது 5 சென்ரிமீற்றர் அகலம், 40 நீளம். அது ஓடத் தொடங்குவதற்கு. தொடங்கும் இடத்திலிருந்து 18 முதல் 22 பாதம் பின்னால் ஒட்டி, கொண்டுவருபவர் அதைத் தாண்டியதும் எழும்பட்டும். கை நீட்டுவதை அடி எண்ணிச் செய்ய வேண்டும்: எழும்பிய பின் பதினொராவது அடியில் கை பின்னுக்குப் போகும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். மாற்று வலயம் 30 மீற்றர், பதினொன்றில் கைமாறினால் எல்லைக்குள் நிற்கும். பயிற்சியில் பிந்துகிறது என்றால் எண்ணிக்கையை மாற்றாதீர்கள், ஒட்டுநாடாவை ஒரு பாதம் முன்பின் நகர்த்துங்கள். எண்ணிக்கை மாறினால் பதற்றத்தில் பழைய எண்தான் ஞாபகம் வரும்.

கத்துவதை நம்பும் அணிகளைவிட எண்ணும் அணி நன்றாகக் கைமாற்றும் என்பது என் அபிப்பிராயம். நிரம்பிய மைதானத்தில் நாலு அணியும் ஒரே நேரத்தில் “கை!” என்று கத்தும்போது யாருக்கு எது கேட்கும்?

நெற் ஓரம் | 19.02.2025, இரவு 7.45

கரப்பந்தாட்டமும் இருக்கிறதா மிஸ்? அங்கே விசிலைவிடப் பெரிய பிரச்சினை “என் பந்து!” என்று கூப்பிட முடியாதது. இருவருக்கு நடுவில் விழும் சேர்விஸை இருவரும் விடுவார்கள், அல்லது இருவரும் பாய்ந்து தலை மோதும். விளையாடும்போது தீர்மானிக்க விடாமல் முன்கூட்டியே பிரித்து வையுங்கள். லிபரோ (பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்பவர்) தொடக்கூடிய எதையும் லிபரோவே எடுக்கும். மற்ற இருவருக்கு நடுவில் வந்தால் இடப்பக்கம் நிற்பவருடையது. குறுகிய பந்து முன்வரிசைக்கு. இந்த மூன்று விதியும் மனதில் பதிய இரண்டு கிழமை வேண்டும்.

ஆட்டத்தை நிறுத்த முதல் மத்தியஸ்தர் விசிலோடு வலையின் மேற்கயிற்றைப் பிடித்து உலுக்கலாம். விளையாடுபவர்களின் கண் வலையைச் சுற்றியே இருக்கும், உடனே தெரியும்.

ஒரு வாசகர் | 20.02.2025, காலை 10.05

பெரிய மேளம் அடித்தால் அதிர்வு காலில் தெரியாதா? அமெரிக்காவில் அடிப்பார்களாமே.

நெற் ஓரம் | 20.02.2025, மதியம் 1.20

அடிப்பார்கள். வாஷிங்டனில் உள்ள கலொடெட், செவிப்புலனற்றோருக்கான பல்கலைக்கழகம். அவர்களின் அமெரிக்கன் புட்போல் அணிக்குப் பக்கக்கோட்டில் பெரிய மேளம் அடித்தார்கள். வீரர்கள் வட்டமாகக் கூடி நின்று அடுத்த ஆட்டத்தைப் பேசும் பழக்கமும் அங்கேதான் 1890களில் வந்தது. எதிரணி தங்கள் சைகைமொழியைப் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைக் காட்டிக் கூடினார்கள். இன்று காது கேட்கும் அணிகளும் அப்படித்தான் கூடுகின்றன.

எங்கள் மைதானத்துக்கு மேளம் சரிவராது. பலகைத் தளத்தில் காலால் உதைத்தால் அதிர்வு போகும், கொங்கிரீட் மண்டபத்தில் போகாது, புல்லில் சுத்தமாகப் போகாது. தவிலைக் கொண்டுவந்தாலும் சில அடி தூரத்தில் நெஞ்சில் ஒரு மொத்தல்தான் தெரியும். தயார் என்று சொல்ல உதவும், ஓட்டத்தைத் தொடக்க உதவாது.

தடம் எட்டு | 22.02.2025, இரவு 10.00

கிரிக்கெட்டைப் பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன். 2018இல் இந்தியாவில் நடந்த செவிப்புலனற்றோர் ரி20 உலகக் கிண்ணம் நம் இலங்கை அணியுடையது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை, சொல்லுங்கள்.

“யெஸ், நோ, வெய்ற்” மூன்றும் கையால். உள்ளங்கையைக் காட்டினால் நில், மட்டையை மறுமுனைக்கு நீட்டினால் ஓடு. கை காட்டாமல் யாரும் கோட்டை விட்டு நகரக் கூடாது. இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது பந்து இருக்கும் பக்கமாகத் திரும்ப வேண்டும், அப்போதுதான் ஒரே பார்வையில் பந்தும் துணையும் தெரியும். உயரப் பிடிக்கு இருவர் ஓடினால் வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கே பந்து. அவர் பந்தையும் மற்றவரையும் பார்த்துக்கொண்டு வருகிறார், பின்னோக்கி ஓடுபவருக்கு ஒன்றும் தெரியாது. இதை மட்டும் விதியாக்கினாலே மோதல் பாதியாகும்.

நோ போலுக்கு மருந்தில்லை. கேட்பவர் நடுவரின் குரல் கேட்டுக் கடைசிக் கணத்தில் துணிந்து விசிறலாம். கேளாதவருக்குப் பந்து போன பிறகுதான் நீட்டிய கை தெரியும்.

உதைபந்தாட்டத்தில் நடு மத்தியஸ்தர் விசிலோடு கொடியும் வைத்திருப்பார். பாடசாலை ஆட்டத்தில் இன்னொன்றும் சேர்க்கலாம்: விசில் கேட்ட அத்தனை பேரும் நின்று கையை உயர்த்த வேண்டும். ஒரு செக்கனில் மைதானம் முழுக்கக் கை எழும். விசிலுக்குப் பிறகு உதைத்ததற்கு உடனே மஞ்சள் அட்டை காட்டாமல், பிள்ளை கொடியைப் பார்க்கக்கூடிய பக்கம் நின்றதா என்று முதலில் பாருங்கள்.

வெள்ளவத்தை மிஸ் | 26.02.2025, மாலை 6.40

கருவியையும் கொக்ளியரையும் கழற்ற வேண்டுமா? பெற்றோர் கேட்கிறார்கள். ஒலிம்பிக்கில் கழற்றச் சொல்வார்களாம்.

தடம் எட்டு | 26.02.2025, இரவு 9.30

அது டெஃப்லிம்பிக்ஸ் விதி, செவிப்புலனற்றோருக்கான உலக விளையாட்டுப் போட்டி. நல்ல காதில் குறைந்தது 55 டெசிபெல் இழப்பு இருப்பவர்கள்தான் அங்கே போட்டியிடலாம், களத்தில் எல்லோரும் கருவியைக் கழற்ற வேண்டும். 1924இல் பாரிஸில் ஒன்பது நாடுகளோடு தொடங்கியது. 2025ஆம் ஆண்டுப் போட்டி நவம்பரில், டோக்கியோவில். பராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு. இல்ல விளையாட்டுக்கு அந்த விதி இல்லை.

ஓட்டத்தில் போட்டுக்கொண்டு ஓடலாம். வியர்வைதான் எதிரி: தலைப்பட்டி கட்டுங்கள், முடிந்ததும் துடைத்து சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள். உதைபந்திலும் மோதல் உள்ள எந்த ஆட்டத்திலும் கொக்ளியரின் வெளிப்பகுதியைக் கழற்றுவது நல்லது. தலையால் பந்தை அடிப்பதற்கு முன் பெற்றோர் வைத்தியரைக் கேட்கட்டும். கிரிக்கெட் தலைக்கவசத்துக்குள் காதுக் கருவி கீச்சிடும். கழற்றிய நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒன்றுமே கேளாது. காலையில் பெயர் சொன்னதும் திரும்பிய பிள்ளைதானே என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே நிற்பார்கள். முன்னால் போய் நின்று கதையுங்கள்.

நீச்சலுக்கு ஒரு எச்சரிக்கை. காது கேளாத சிலருக்கு, குறிப்பாக மூளைக்காய்ச்சலால் கேள்வி போனவர்களுக்கு, உட்காதின் சமநிலையும் போயிருக்கும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். உடனே சாய்ந்தால் கவனம்: நீருக்கு அடியில் கண் தெரியாவிட்டால் மேல் எது கீழ் எது என்றே விளங்காது. கலங்கிய தண்ணீரிலோ இருட்டிலோ அந்தப் பிள்ளையை விடக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். மற்றபடி நீச்சலை மறுக்கக் காரணமில்லை. தென்னாபிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின் காது கேளாதவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மற்றவர்கள் சத்தத்தில் பாய, அவர் ஒளியைப் பார்த்துப் பாய்ந்து 200 மீற்றர் மார்பு நீச்சலில் வெள்ளி எடுத்தார்.

வெள்ளவத்தை மிஸ் | 08.03.2025, மாலை 4.50

பெட்டிகள் தயார். இன்று மைதானத்தில் போட்டுப் பார்த்தோம். ஏழாம், எட்டாம் தடத்தில் பச்சையை அழுத்தினால் மஞ்சளும் மங்கலாக எரிகிறது. மற்ற ஆறும் சரி.

பஞ்சிகாவத்தை கம்பி | 08.03.2025, மாலை 5.20

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பொது மைனஸ் கழன்றிருக்கலாம். அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள், நாடா மட்டும் சுற்றியிருந்தால் வெட்டிவிட்டு ஈயம் பற்றவைத்து, மேலே சிலிக்கன் பூசுங்கள். போட்டி நாளன்று வயரை ஓடுபாதைக்குக் குறுக்கே மேலால் போடாமல், கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒவ்வொரு தடத்துக்கும் உள்பக்கக் கோட்டோடு முன்னுக்கு எடுங்கள். அரை மீற்றருக்கு ஒரு கம்பி ஆணி அடித்தால் காலில் சிக்காது. மேலதிகமாக இரண்டு பெட்டி செய்து தொடக்குபவரின் மேசைக்கு அடியில் வையுங்கள்.

தடம் எட்டு | 08.03.2025, இரவு 9.15

திருத்தியதும் பெட்டியைத் தரையில் வைத்தபடி நீங்கள் குனிந்து பாருங்கள் மிஸ், ‘செற்’ நிலையில், பத்தரை மணி வெயிலில். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் குறைந்தது மூன்று நாள், நாளுக்கு ஆறு தொடக்கம் விளக்கில் பழக்குங்கள். இத்தனை நாள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பழகிய கழுத்து, விளக்கு முன்னால் இருந்தாலும் முதல் நாள் பக்கத்துக்கே திரும்பும்.